பட்டினியில் வளர்ந்த டயாட்டத்தின் சிலிக்கா ஓடு விரைவில் கரையுமா, மெதுவாகக் கரையுமா?

தடா மாணவி:

அனைவருக்கும் வணக்கம். முதுகலைத் திட்ட ஆய்வுக்காகப் பழவேற்காடு ஏரியின் டயாட்டங்களை, அதாவது சிலிக்கா ஓடு போர்த்திய ஒற்றைச்செல் பாசிகளை, எடுத்துக்கொண்டிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் களங்கியாறும் நன்னீரோடு சிலிக்கேட்டையும் ஏரியில் கொண்டுவந்து சேர்க்கும் மாதங்களில் ஒரு தொகுதி நீரையும், கோடையில் முகத்துவாரம் மணலால் குறுகி, வடக்கே ஆழமற்ற பகுதிகளின் நீர் கடலைவிட உப்பாகிவிடும் மாதங்களில் இன்னொரு தொகுதியையும் எடுப்பதாகத் திட்டம். சத்துக் குறைந்த நீரில் வளரும் டயாட்டத்தின் ஓடு தடித்திருக்கும், ஆகவே இறந்தபின் மெதுவாகக் கரையும் என்று ஒரு நூலில் படித்தேன். சத்துக் குறைந்தால் ஓடு மெலிந்து விரைவில் கரைந்துவிடும் என்று வேறொரு கட்டுரை சொல்கிறது. இரண்டில் எதை என் கருதுகோளாக எழுதுவது என்று தெரியவில்லை. பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

களங்கிக்கரை:

அம்மா, நீங்கள் படித்த இரண்டும் சரியாக இருக்க முடியும். எந்தச் சத்து குறைந்தது என்று அந்த இரண்டு இடங்களிலும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் முதலாவதில் தழைச்சத்தோ (நைட்ரஜன்) மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) இரும்போ இருக்கும், இரண்டாவதில் சிலிக்கான் இருக்கும்.

சிலிக்கானிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் எளிது. டயாட்டம் நீரில் கரைந்துள்ள சிலிசிக் அமிலத்தை (நீங்கள் சிலிக்கேட் என்று அளப்பதும் இதுதான்) தன் செல்சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள் வழியாக உள்ளே இழுத்து, செல்லுக்குள் ஒரு சிறு பையில் வைத்து, நீரேறிய படிகமற்ற சிலிக்காவாகப் படியவைத்து, புதிய வால்வாக (ஓட்டின் ஒரு பாதியாக) வெளியே தள்ளுகிறது. அந்தக் கடத்திப் புரதங்களின் மரபணுக்கள் 1997இல்தான் அடையாளம் காணப்பட்டன. நீரில் சிலிசிக் அமிலம் குறைந்துவிட்டால் எல்லா டயாட்டங்களும் உடனே பிரிவதை நிறுத்திவிடுவதில்லை. பல இனங்கள் ஒரு செல்லுக்குச் செலவிடும் சிலிக்காவைக் குறைத்து, மெல்லிய ஓட்டோடு சமாளித்துப் பிரிந்துகொண்டே போகும், அதற்கும் கீழே ஓர் எல்லை வந்த பிறகே நிற்கும். ஃபியோடாக்டைலம் டிரைகார்னூட்டம் என்ற இனம் சிலிக்கான் ஏறக்குறைய இல்லாமலே வாழும். அதை வைத்து மற்ற டயாட்டங்களை எடைபோடக்கூடாது.

தழைச்சத்தும் மணிச்சத்தும் குறையும்போது கதை வேறு. டயாட்டம் நாள் முழுவதும் ஒரே சீராகச் சிலிக்காவை எடுப்பதில்லை. செல் பிரிவதற்குச் சற்று முந்தைய கட்டத்தில், மகள் செல்களுக்குப் புதிய வால்வுகள் தேவைப்படும் வேளையில்தான் பெரும்பகுதியை எடுக்கிறது. இதற்கான ஆற்றலும் ஒளிச்சேர்க்கையிலிருந்து நேரடியாக அல்லாமல் பெரும்பாலும் சுவாசத்திலிருந்து வருகிறது. ஆகவே கரிமத்தையும் தழைச்சத்தையும் சேர்க்கும் பணி மந்தமானாலும் ஓடு கட்டும் பணி அதே அளவில் மந்தமாவதில்லை. வளர்ச்சி வேகம் குறைந்து, சிலிக்கா எடுக்கும் அந்தக் கட்டம் நீண்டுபோனால், நீரில் சிலிசிக் அமிலம் தாராளமாக இருக்கும்வரை ஒவ்வொரு செல்லும் கூடுதலாகப் படியவைத்துக்கொண்டே இருக்கும். தலாசியோசிரா சூடோனானா என்ற சிறிய டயாட்டத்தைத் தொடர் வளர்ப்பில் வைத்து ஒளி, தழைச்சத்து, மணிச்சத்து ஆகியவற்றைத் தனித்தனியே கட்டுப்படுத்தி 2002இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது: மூன்றில் எது தட்டுப்பட்டாலும் வளர்ச்சி குறையக் குறைய, ஓரலகு பருமனுக்கான சிலிக்கா கூடியது.

ஆகவே "சத்துக் குறைவு" என்று மட்டும் கருதுகோளில் எழுதினால் அதற்கு விடை இருக்காது.

ஆரம்பாக்கம் இறால் பண்ணை:

நான் படித்தவன் அல்லன், வனாமி வளர்ப்பவன். குளத்து நீர் பழுப்பாக இருந்தால் டயாட்டம் நன்றாக இருக்கிறது என்று மகிழ்வோம். யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் மட்டும் போட்டுக்கொண்டே போனால் சில வாரங்களில் நீர் பச்சையாகிவிடும், அப்போது கடையில் சிலிக்கேட் வாங்கிக் கரைத்து விடுவோம். என் ஐயம் என்னவென்றால், இறந்த டயாட்டங்கள் குளத்தின் அடியில்தானே கிடக்கின்றன? அவற்றின் ஓடு கரைந்து சிலிக்கா மீண்டும் நீருக்கு வந்துவிடும் என்றால் நாங்கள் ஏன் ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்து வாங்க வேண்டும்?

சத்தியவேடு வேதியியல்:

அண்ணன் கேட்டது நல்ல கேள்வி, அதற்கு வருமுன் களங்கிக்கரை ஐயா சொன்னதில் ஒரு பகுதியைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். ஓடு தடித்திருப்பதால் மட்டும் மெதுவாகக் கரையும் என்று சொல்லிவிட முடியாது. கரைவு நடப்பது மேற்பரப்பில். ஒரு சதுர மைக்ரோமீட்டர் மேற்பரப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சிலிக்கா வெளியேறுகிறது என்பது ஒரு வேகம். ஒரு கிராம் சிலிக்கா எத்தனை நாளில் பாதியாகிறது என்பது இன்னொரு வேகம். ஒரே எடையுள்ள வெல்லத்தை அச்சாகவும் பொடியாகவும் நீரில் போட்டால் பொடி முந்திக் கரைவதற்கு வெல்லத்தின் தன்மை மாறியது காரணமல்ல. மெல்லிய ஓடு, நுண்துளைகள் மிகுந்த ஓடு, இவற்றில் கிராமுக்கான மேற்பரப்பு கூடுதல், ஆகவே கிராமுக்கான கரைவும் கூடுதல். தடித்த ஓட்டில் அது குறைவு. இந்த வேறுபாட்டை மட்டுமே கண்டுவிட்டு, பட்டினியால் சிலிக்காவின் வேதித்தன்மையே மாறிவிட்டது என்று எழுதுபவர்கள் உண்டு. மாணவி இந்த இரண்டையும் தனித்தனி நெடுவரிசைகளில் எழுதப் பழக வேண்டும்.

இனி அண்ணனுக்கு. கடல்நீரும் உங்கள் குளத்து நீரும் சிலிக்காவைப் பொறுத்தவரை எப்போதும் பசியோடுதான் இருக்கின்றன. டயாட்டத்தின் படிகமற்ற சிலிக்கா லிட்டருக்கு ஆயிரம் மைக்ரோமோலுக்கும் மேல் கரையக்கூடியது. உலகக் கடல்களின் மேற்பரப்பு நீரில் பல இடங்களில் பத்து மைக்ரோமோல்கூட இருப்பதில்லை. ஆகவே ஓடு கரையத்தான் செய்யும். ஆனால் குளத்தடிச் சேற்றுக்குள் புதைந்த ஓட்டைச் சுற்றியுள்ள நீரில் சிலிசிக் அமிலம் ஏறிக்கொண்டே போவதால் கரைவு தளர்ந்துவிடும். போதாக்குறைக்குக் களிமண்ணிலிருந்து வரும் அலுமினியம் ஓட்டின் மேற்பரப்பில் ஏறிக்கொண்டு அதன் கரைதிறனையும் குறைத்துவிடும். நீங்கள் அறுவடைக்குப் பிறகு வழித்தெடுத்து வெளியேற்றும் சேற்றோடு ஒரு பங்கு சிலிக்காவும் போய்விடுகிறது.

களங்கிக்கரை:

வேதியியல் ஆசிரியர் மேற்பரப்பைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வேதித்தன்மை மாறவே மாறாது என்ற அளவுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். ஜாய்ஸ் லெவின் 1961இலேயே, உயிருள்ள டயாட்டத்தின் ஓடு அனேகமாகக் கரைவதே இல்லை என்றும், இறந்த ஓட்டோடு அலுமினியம், இரும்பு போன்ற உலோகங்கள் ஒட்டியிருந்தால் கரைவு தளர்கிறது என்றும் காட்டினார். சிலிக்கா ஒன்றே, நீரும் ஒன்றே. உயிர் இருக்கும்வரை தாங்குகிறது, போனதும் கரையத் தொடங்குகிறது. இடையில் இருப்பது ஓட்டைப் போர்த்தியுள்ள கரிமப் படலம். புரதமும் சர்க்கரைப் பொருளும் கலந்த அந்தப் போர்வை சிதைந்த பிறகே நீர் சிலிக்காவை நேராகத் தொடுகிறது. அதைச் சிதைப்பவை பாக்டீரியாக்கள் என்பதை 1999இல் பிடிலும் அசாமும் நேச்சர் இதழில் எழுதினார்கள்: பாக்டீரியாக்களின் புரதச் சிதைப்பு நொதிகள் போர்வையை உரித்துவிட்டால் கரைவு பல மடங்கு கூடுகிறது, பாக்டீரியாவை அடக்கிவைத்தால் ஓடு நெடுநாள் தாங்குகிறது.

பட்டினியின் விளைவை நான் பெரிதும் தேடுவது இந்த இடத்தில்தான், ஓட்டின் தடிப்பில் அல்ல. தழைச்சத்தோ மணிச்சத்தோ தீர்ந்த நீரில் டயாட்டம் ஒளிச்சேர்க்கையில் செய்த கரிமத்தைப் புரதமாக மாற்ற வழியில்லாமல் பசைபோன்ற பன்சர்க்கரைகளாக வெளியே கசியவிடும். அந்தப் பசையில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகும். திரளுக்குள் சிக்கிய ஓடுகள் தனித்து மிதக்கும் ஓடுகளைவிட மெதுவாகக் கரைகின்றன. ஏனெனில் திரளின் உட்புற நீரில் சிலிசிக் அமிலம் தேங்கிவிடுகிறது, உள்ளே உயிரோடு இருக்கும் செல்களும் அதிகம். இன்னொரு பக்கம், திரள்கள் விரைந்து மூழ்குவதால் மேல்நீரின் வெப்பத்தில் அவை கழிக்கும் நேரமும் குறைகிறது. ஒரே நேரத்தில் பாக்டீரியாக்களுக்கும் அதே தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டியிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. நீரே வறண்டிருந்தால் உரிப்பவனுக்கும் வலுவில்லை. இந்தக் கடைசி வரி என் ஊகம். உங்கள் ஏரியில் அது பொருந்துகிறதா என்பதை நீங்கள்தான் அளந்து சொல்ல வேண்டும்.

தடா மாணவி:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் இரும்புக்கு எந்த இடம்? அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் இரும்பு இல்லாததால் டயாட்டங்கள் தடித்த ஓடு போடுகின்றன என்பது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது.

களங்கிக்கரை:

1998இல் ஒரே நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன, ஒன்று தகேடா எழுதியது, இன்னொன்று ஹட்சின்சும் புரூலண்டும் கலிபோர்னியக் கரையில் ஆழத்திலிருந்து மேலெழும் நீரைப் பற்றி எழுதியது. இரும்பு போதிய அளவில் உள்ள டயாட்டம் சிலிக்கானையும் தழைச்சத்தையும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் எடுக்கும். இரும்பு குறைந்தால் அந்த விகிதம் இரண்டு, மூன்று மடங்காக உயர்கிறது என்பது இரண்டின் சாரமும். இதனால்தான் தென்பெருங்கடலின் மேல்நீரில் சிலிசிக் அமிலம் நைட்ரேட்டுக்கு முன்பே தீர்ந்துபோகிறது என்று விளக்கினார்கள். அங்குள்ள ஃபிராஜிலாரியாப்சிஸ் கெர்குலென்சிஸ் என்ற இனத்தின் ஓடு மிகக் கனமானது. அண்டார்டிகாவைச் சுற்றிக் கடலடியில் கிடக்கும் சிலிக்காப் பட்டையின் பெரும்பகுதி அதன் ஓடுகளே. மெல்லிய ஓட்டு இனங்கள் கரிமத்தைச் சுமந்து மூழ்க, இது பெரும்பாலும் வெறும் ஓடாக மூழ்கிச் சிலிக்காவை அடியில் சேர்க்கிறது.

சத்தியவேடு வேதியியல்:

இங்கே மீண்டும் குறுக்கிட வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க. விகிதம் உயர்ந்தது என்பதிலிருந்து ஓடு தடித்தது என்பதற்கு நேராகத் தாவ முடியாது. இரும்பு இல்லாத செல் நைட்ரேட்டைப் பயன்படுத்துவதற்கே திணறுகிறது, ஏனெனில் அதை ஒடுக்கும் நொதிகளுக்கு இரும்பு வேண்டும். ஆகவே விகிதத்தின் கீழ்ப்பகுதியான தழைச்சத்து சுருங்கியதாலும் விகிதம் உயரும். பின்னர் வந்த வளர்ப்பு ஆய்வுகளில் சில இனங்களில் செல்லின் சிலிக்கா உண்மையிலேயே கூடியிருக்கிறது, சிலவற்றில் மாறவில்லை, சிலவற்றில் செல் சிறுத்ததால் மேற்பரப்புக்கும் பருமனுக்கும் உள்ள விகிதம் மட்டும் மாறியிருக்கிறது. கெர்குலென்சிஸ் கனமாக இருப்பது அந்த இனத்தின் பரம்பரைக் குணம். இரும்பை ஊட்டினாலும் அது கனமான இனமாகத்தான் இருக்கும். ஒரே இனத்தின் ஓடு மாறுவதும், நீரில் உள்ள இனங்களின் கலவை மாறுவதும் வெவ்வேறு நிகழ்வுகள். மாணவி ஏரி நீரை மொத்தமாக வடிகட்டி அளந்தால் இரண்டும் கலந்தே வரும்.

களங்கிக்கரை:

ஆசிரியர் சொல்வது சரி, குறிப்பாக இனக்கலவை பற்றியது. இதற்கு நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு நிகழ்வையும் சேர்த்துக்கொள்ளலாம். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் போலார்ஸ்டெர்ன் கப்பலில் சென்று, தென்பெருங்கடலின் அட்லாண்டிக் பகுதியில் முந்நூறு சதுர கிலோமீட்டர் அளவுள்ள நீரில் இரும்பு தூவின. லோஹாஃபெக்ஸ் என்று அதற்குப் பெயர். இரும்பு கிடைத்தும் டயாட்டம் பெருகவில்லை, ஏனெனில் அந்த நீரில் சிலிசிக் அமிலம் முன்பே தீர்ந்திருந்தது. பெருகியவை ஓடில்லாத சிறு பாசிகள். அவற்றை விலங்கு மிதவைகள் தின்றுவிட்டன. ஒரு சத்தின் பட்டினியைத் தீர்த்ததும் அடுத்த சத்தின் பட்டினி முன்னுக்கு வருகிறது. பழவேற்காட்டில் இரும்புக்குப் பஞ்சமிருக்காது, ஆற்று வண்டல் அவ்வளவு வருகிறது. நீங்கள் இரும்பை விட்டுவிட்டுத் தழைச்சத்து, மணிச்சத்து, சிலிக்கான் மூன்றோடு நில்லுங்கள்.

நெல்லூர் மண்ணியல்:

இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் சேற்றுக் குழாயெடுத்து அதன் அடுக்குகளில் டயாட்டங்களை எண்ணி அக்காலத்து நீர் எப்படி இருந்தது என்று சொல்கிறோம். மெல்லிய ஓடுகள் கரைந்து தடித்தவை மட்டும் எஞ்சினால் நாங்கள் காண்பது பட்டினிக் காலத்து ஓடுகளைத்தான் என்று ஆகிவிடாதா?

களங்கிக்கரை:

ஓரளவுக்கு ஆகத்தான் செய்யும். உலகக் கடல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 240 டெராமோல் (ஒரு டெராமோல் என்பது இலட்சம் கோடி மோல்) சிலிக்கான் ஓடாகக் கட்டப்படுகிறது என்று 2013இல் திரேகேயும் தெ லா ரோஷும் கணக்கிட்டார்கள். அதில் பாதிக்கு மேல் மேல்நீரிலேயே கரைந்துவிடுகிறது, கடலடியில் நிலையாகப் புதைவது நூற்றில் மூன்று பங்கு அளவே. அந்த மூன்று பங்கைப் பார்த்துவிட்டு மற்ற தொண்ணூற்றேழைப் பற்றிப் பேசுகிறோம். சிலிக்கா தாராளமாகவும் தழைச்சத்து குறைவாகவும் இருந்த பருவத்தின் ஓடுகள் எண்ணிக்கையில் குறைவாக உருவாகியிருந்தாலும் அடுக்கில் மிகுந்து தெரியலாம். சத்தெல்லாம் நிறைந்து டயாட்டம் பெருகி, கடைசியில் சிலிக்காவையே தீர்த்துவிட்ட பருவத்தின் மெல்லிய ஓடுகள் அடுக்கில் காணாமலே போகலாம். வளமான காலத்தை வறண்ட காலமாக நீங்கள் வாசிக்கக்கூடிய இடம் அது. வால்வுகளின் ஓரங்கள் அரித்திருக்கின்றனவா, துளைகள் அகன்றிருக்கின்றனவா என்று எண்ணும்போதே குறித்துவைப்பது ஓரளவு காப்பாற்றும்.

ஆரம்பாக்கம் இறால் பண்ணை:

உப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோடையில் ஏரி நீரும் எங்கள் குளமும் உப்பேறிவிடும், பிற்பகலில் பி.எச். 9ஐத் தொடும்.

சத்தியவேடு வேதியியல்:

அண்ணன் மாணவியின் ஆய்வுக்கே கை கொடுத்துவிட்டார். சோடியம் போன்ற நேர் அயனிகள் சிலிக்காவின் மேற்பரப்பில் நீரின் தாக்குதலுக்கு வழிவிடுவதால், கடல்நீரில் ஓடு நன்னீரைவிடப் பல மடங்கு விரைவாகக் கரைகிறது. பி.எச். 9ஐ நெருங்க நெருங்க வேகம் இன்னும் கூடும். வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் கரைவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே மழைக்கால மாதிரியும் கோடை மாதிரியும் வெவ்வேறு வேகத்தில் கரைந்தால், அது சத்துக் குறைவினாலா, உப்பினாலா, பி.எச். மாற்றத்தாலா, வெயிலினாலா என்று பிரிக்க முடியாமல் போய்விடும். இரண்டு பருவத்து டயாட்டங்களையும் ஒரே நீரில், ஒரே வெப்பநிலையில், ஒரே பி.எச்.சில் கரையவிட வேண்டும். பருவ வேறுபாடு ஓட்டில் இருக்கட்டும், குடுவையில் இருக்க வேண்டாம்.

தடா மாணவி:

அப்படியே செய்கிறேன் ஐயா. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியை வெட்டிக்கொண்டு போவதால் அதன் வடக்கிலும் தெற்கிலும் நீர் வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன்; மாதிரி எடுக்கும் இடங்களை இரண்டு பக்கமும் வைத்துக்கொள்கிறேன். குடுவையில் கரையவிடும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்? மாலிப்டேட் நீல முறையில்தான், அதாவது மாலிப்டேட் சேர்த்தால் தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டுதான், சிலிக்கேட் அளக்கப்போகிறேன்.

களங்கிக்கரை:

முதலில் கண்ணாடியை விலக்குங்கள். கண்ணாடிக் குடுவையும் கண்ணாடி இழை வடிகட்டியும் தாமே சிலிக்காவைக் கசியவிடும். பாலிகார்பனேட் வடிகட்டி, பாலிப்ரொப்பிலீன் புட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். டயாட்டங்களை அமிலத்தாலோ பெராக்சைடாலோ தூய்மைப்படுத்திவிட்டுக் கரையவிட்டால் கரிமப் போர்வை போய்விடும், உலோகமும் போய்விடும். அப்போது நீங்கள் அளப்பது ஆசிரியர் சொன்ன மேற்பரப்பின் விளைவை மட்டுமே. ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கைத் தூய்மைப்படுத்திக் கரையவிடுங்கள். இன்னொன்றை உறையவைத்துச் செல்களைக் கொன்று, போர்வையோடும் ஏரியின் பாக்டீரியாக்களோடும் இருட்டில் கரையவிடுங்கள். மூன்றாவதை அதேபோல் கொன்று, பாக்டீரியாவை அடக்கும் மருந்து சேர்த்துக் கரையவிடுங்கள். முதல் பங்கில் பருவங்களுக்கிடையே வேறுபாடு தெரிந்தால் ஓட்டின் அமைப்பு மாறியிருக்கிறது. இரண்டாவதில் மட்டும் தெரிந்தால் போர்வையும் பாக்டீரியாவும் காரணம்.

கரையாமல் ஓட்டில் இருக்கும் சிலிக்காவைத் தொடக்கத்திலேயே சோடியம் கார்பனேட் கரைசலில் 85 டிகிரியில் செரித்து அளந்துவையுங்கள், இல்லாவிட்டால் எத்தனை சதவீதம் கரைந்தது என்று சொல்ல வழியிருக்காது. பழவேற்காட்டு நீரில் களிமண் மிகுதி. அதே செரிப்பில் களிமண்ணும் மெதுவாகச் சிலிக்காவை விடும் என்பதால் ஒரு முறை மட்டும் எடுக்காமல் மணிக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை எடுத்து, அளவுகளை நேரத்துக்கு எதிரே வரைந்து, அந்தக் கோட்டைத் தொடக்க நேரம்வரை பின்னோக்கி நீட்டிக் களிமண்ணின் பங்கைக் கழிக்க வேண்டும். மழைக்கால நீர் மாதிரியைச் சிலிக்கேட் அளப்பதற்காக உறையவைத்துச் சேமிக்க வேண்டாம். ஆற்றுநீர் கலந்து சிலிக்கேட் மிகுந்திருந்தால் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து பலபடிகளாகத் திரண்டு, உருகிய பின்னும் மாலிப்டேட்டோடு முழுமையாக வினைபுரியாமல் குறைத்துக் காட்டும். வடிகட்டிக் குளிர்பெட்டியில் நான்கு டிகிரியில் வைத்து, கூடிய விரைவில் அளந்துவிடுங்கள்.

ஆரம்பாக்கம் இறால் பண்ணை:

தங்கைக்கு உப்பேறிய குளத்து நீரும் சேறும் தேவைப்பட்டால் எங்கள் பண்ணையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். சிலிக்கேட் போட்ட குளம் ஒன்று, போடாத குளம் ஒன்று, இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. யூரியா எந்தத் தேதியில் எவ்வளவு போட்டோம் என்பதும் பதிவேட்டில் இருக்கிறது.